சிகரெட் பெட்டிக்குள் வந்த ஆட்டக்காரர்கள்

புகையிலை விற்க விளையாட்டு வீரனின் உருவத்தைத் துணைக்கு அழைக்கும் வழக்கம் 1880-களில் அமெரிக்காவில் உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டையில் தொடங்கி, இங்கிலாந்தின் கிரிக்கெட் மைதானங்கள் வழியாகப் பரவி, 1990-களில் இந்திய அணியின் சட்டை வரை வந்து, 2001-க்குப் பிறகு இந்தியாவில் சட்டத்தின் கெடுபிடியால் அடங்கியது. இந்த நெடும்பயணத்தில் சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் ஆலைப் பகுதிக்கும் பங்கு உண்டு. சிகரெட் பாக்கெட்டை அச்சிட்டதும், அதைப் பற்றவைக்கும் தீப்பெட்டியைச் செய்ததும், காலியான பாக்கெட்டைக் கிழித்துத் தெருவில் வைத்து ஆடியதும் இந்தப் பகுதிதான். ஆனால் பிற நாடுகளில் சேகரிப்பாளர்கள் ஏலத்தில் மோதிக்கொள்ளும் அந்த ஆட்டக்காரர் அட்டை மட்டும் இந்தத் தெருக்களில் வேர் பிடிக்கவில்லை. வடசென்னைத் தொழிலாளி எப்படிச் சிகரெட் வாங்கினார் என்று பார்த்தால் அதற்கான காரணம் பெரிய அளவுக்குப் புலப்பட்டுவிடும்.

சிகரெட் அட்டை எனப்படுவது, மெல்லிய காகிதப் பொதியில் அடைத்த சிகரெட்டுகள் நசுங்கிவிடாமல் தாங்குவதற்காக உள்ளே செருகப்பட்ட தடித்த தாள் துண்டு. ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் உயரமும் மூன்றரை சென்டிமீட்டர் அகலமும் கொண்ட இந்தத் துண்டில், முதலில் விளம்பரமும் பின்னர் வண்ணப் படமும் ஏறின. முன்பக்கம் படம், பின்பக்கம் சிகரெட்டின் பெயர், வரிசை எண், நாலைந்து வரியில் ஒரு குறிப்பு என்பது அதன் நிலையான அமைப்பாயிற்று. எந்தப் பாக்கெட்டுக்குள் எந்தப் படம் இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. 25 அல்லது 50 படங்கள் கொண்ட வரிசையை நிறைவு செய்ய வேண்டுமானால் அதே சிகரெட்டை மீண்டும் மீண்டும் வாங்கியாக வேண்டும். தகப்பன் புகைக்க, பிள்ளை படம் கேட்க, குடும்பத்தில் இருவரும் ஒரே நிறுவனத்துக்கு வாடிக்கையாளராகிவிடும் இந்த ஏற்பாட்டைச் சூழ்ச்சி என்று சொன்னாலும் மிகையில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் இயந்திரம் வழிவகுத்தது. ஜேம்ஸ் பான்சாக் என்பவர் 1881-ல் காப்புரிமை பெற்ற சிகரெட் சுற்றும் இயந்திரம் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சிகரெட்டுகளைத் தள்ளத் தொடங்கியதும், கையால் சுற்றிய காலத்துப் பற்றாக்குறை போய், விற்க முடியாத அளவுக்குச் சரக்கு குவிந்தது. எல்லா நிறுவனங்களின் சரக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தபோது, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வேலை பெட்டியின் மேலும் உள்ளேயும் உள்ள படத்தின் தலையில் விழுந்தது. வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரின் ஆலன் அண்டு ஜின்டர் நிறுவனம் 1887-ல் வெளியிட்ட 'உலகச் சாம்பியன்கள்' என்னும் 50 அட்டை வரிசையில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள், குத்துச்சண்டை வீரர்கள், மல்லர்கள், படகோட்டிகள், பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்கள், துப்பாக்கி சுடுவோர் எனப் பலரும் கலந்திருந்தனர், ஜான் எல். சல்லிவன் என்னும் குத்துச்சண்டைப் பெருவீரரும், குறிபார்த்துச் சுடுவதில் புகழ்பெற்ற ஆனி ஓக்லி என்னும் பெண்மணியும் அதில் இருந்தனர்.

இந்த வகையில் மிகவும் பேர்பெற்றது அமெரிக்கன் டுபாக்கோ நிறுவனம் 1909 முதல் 1911 வரை வெளியிட்ட பேஸ்பால் வரிசையில் வந்த ஹோனஸ் வாக்னரின் அட்டை. ஆரஞ்சு நிறப் பின்னணியில், மார்பில் 'பிட்ஸ்பர்க்' என்று எழுதிய சட்டையோடு, தலைமுடியை நடுவகிடு எடுத்துச் சீவிய ஒரு மனிதரின் மார்பளவுச் சித்திரம்; பார்வைக்கு அதில் விசேஷம் ஏதுமில்லை. வாக்னர் தம் படத்தை நிறுத்தச் சொன்னதால் மிகச் சில பிரதிகளே வெளியே வந்தன. பிள்ளைகள் சிகரெட் வாங்கத் தம் முகம் காரணமாகக் கூடாது என்று அவர் நினைத்தார் என்பாரும், பணம் தராததால் மறுத்தார் என்பாரும் உண்டு. அந்த அட்டைகளில் ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. சிகரெட் விற்க மறுத்தவரின் படமே சிகரெட் அட்டைகளில் அதிக விலை பெற்றது என்பது வணிக வரலாற்றின் குறும்பு.

கல்லச்சு என்னும் அச்சு முறை இல்லாமல் இந்த வண்ணப் படங்கள் சாத்தியமாகியிருக்காது. மெருகேற்றிய சுண்ணாம்புக் கல்லின் மீது எண்ணெய்ப் பசை உள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, மையை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். ஈரமான இடம் விலக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். கன்னத்தின் சிவப்பு ஒரு கல்லிலும், சட்டையின் நீலம் வேறொரு கல்லிலும், தொப்பியின் நிழல் மற்றொன்றிலும் புள்ளி புள்ளியாக இறங்கி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் அமர வேண்டும். பழைய அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முகம் மறைந்து இந்தப் புள்ளிகளே தெரியும். கல் ஒரு மயிரிழை நகர்ந்த அட்டைகளில் வீரரின் உதட்டுச் சிவப்பு வாயைத் தாண்டி மீசை மேல் ஏறியிருப்பதையும் காணலாம்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் நிறுவனம் 1896-ல் 50 கிரிக்கெட் வீரர்களைக் கொண்ட வரிசையை வெளியிட்டு, அந்த ஆட்டத்தை அட்டைக்குள் கொண்டுவந்தது. 1901-ல் அமெரிக்க முதலாளி ஜேம்ஸ் டியூக், லிவர்பூலின் ஆக்டன்ஸ் நிறுவனத்தை விலைக்கு வாங்கி உள்ளே நுழைந்தபோது, அவரை எதிர்க்க 13 பிரிட்டிஷ் நிறுவனங்கள் இம்பீரியல் டுபாக்கோ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன. மறு ஆண்டே இரு தரப்பும் சமாதானமாகி, மற்ற நாடுகளின் சந்தையைக் கவனிக்க பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோ என்ற கூட்டு நிறுவனத்தைப் பெற்றெடுத்தன. அதன் கிளையாக 1910 ஆகஸ்ட் 24 அன்று கல்கத்தாவில் பதிவானதே இம்பீரியல் டுபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா. 1970-ல் இந்தியா டுபாக்கோ என்றும், 1974-ல் ஐ.டி.சி. என்றும் பெயர் மாறிய நிறுவனம் அதுதான்.

இந்தியச் சந்தைக்கென வந்த அட்டைகள் இரு வேறு கூட்டத்தை நோக்கின. பீகாரின் முங்கேரில் இயங்கிய பெனின்சுலர் டுபாக்கோ நிறுவனம் இந்துக் கடவுளர், நாட்டியப் பெண்கள், பறவைகள், விலங்குகள் என வரிசைகள் வெளியிட்டது. சாமி படம் போட்ட தாளைக் கால் படும் இடத்தில் போடக் கூசும் நாட்டில், புகைத்து முடித்தவர் அந்த அட்டையைத் தூக்கி எறிய மாட்டார் என்று நிறுவனம் கணக்குப் போட்டிருக்க வேண்டும். விளையாட்டுப் படங்களோ பெரும்பாலும் வெள்ளைச் சிப்பாய்க்கு உரியவையாக இருந்தன. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினரிடையே விற்ற 'சிசர்ஸ்' சிகரெட்டில் (பிற்காலத்தில் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் எளிய மக்கள் கேட்டு வாங்கிய அதே கத்தரிக்கோல் படம் போட்ட சிகரெட்டில்) 1907-ல் கால்பந்துக் கழகங்களின் சீருடை நிறங்களும், 1911-ல் குத்துச்சண்டை வீரர்களும், 1912-ல் இந்தியப் படைப்பிரிவுகளும் அட்டைகளாக வந்தன. கடல் தாண்டி வந்து பாளையத்தில் பொழுது போகாமல் இருந்த இருபது வயதுப் பையனுக்கு ஊர் நினைவைத் தர, அவன் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் சட்டை நிறத்தைவிடப் பொருத்தமான படம் வேறு கிடைத்திருக்காது.

அட்டைகளில் இடம்பெற்ற இந்திய ஆட்டக்காரர்களைக் கவனித்தால் நிறுவனங்களின் தேர்வு முறை தெளிவாகும். 1901-ன் வில்ஸ் கிரிக்கெட் வரிசையில் ரஞ்சித்சிங்ஜி, 1930-ல் பிளேயர்ஸ் வெளியிட்ட வரிசையில் அவருடைய சகோதரரின் மகன் துலீப்சிங்ஜி, 1934-ன் பிளேயர்ஸ் வரிசையில் பட்டோடி நவாப் ஆகியோர் உள்ளனர். மூவரும் அரச குடும்பத்தினர், மூவரும் ஆங்கில மாவட்ட அணிகளுக்காகவும் இங்கிலாந்துக்காகவும் ஆடியவர்கள். அந்த 1934-ன் வரிசை, அவ்வாண்டு மோதிய இங்கிலாந்து, ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களுக்காகவே அமைந்தது. அதே ஆண்டு சனவரியில் கல்கத்தாவில் இந்தியாவுக்காகத் தம் ஒரே டெஸ்டில் ஆடியவரும், நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவருமான சென்னையின் எம்.ஜே. கோபாலனுக்கு அந்த 50-ல் இடமில்லை. கோப்பைக்குப் பெயர் தந்தவர் அட்டையில் உண்டு, அதன் முதல் பந்தை வீசியவர் இல்லை. லண்டனிலும் நாட்டிங்ஹாமிலும் சிகரெட் வாங்கியவருக்குத் தெரிந்த முகம் எதுவோ அதுவே நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது என்பதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் அக்கால இந்திய விளையாட்டின் சித்திரமாக இந்த அட்டைகளைக் கொள்ளும் சேகரிப்பாளர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

குத்துச்சண்டையில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. சிசர்ஸ் அட்டைகளில் ஆங்கில, அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர்கள் வந்த அதே துறைமுக நகரின் வடபகுதியில், மீனவர்களும் துறைமுகக் கூலிகளும் ஆலைத் தொழிலாளர்களும் வளர்த்த குத்துச்சண்டை, பரம்பரைகளாகப் பிரிந்து நின்றது. பரம்பரை என்பது இங்கே குருதி வழியைக் குறிப்பதன்று. ஒரு வாத்தியாரிடம் கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் சேர்ந்த பயிற்சி வழியைக் குறிப்பது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் ஆகிய பரம்பரைகளின் போட்டி நாட்களில் ஊரே இரண்டாகப் பிரியும். ஆங்கிலோ இந்திய வீரர் டெரியைச் சார்பட்டாவின் கித்தேரி முத்து வீழ்த்திய சண்டை தலைமுறைகள் தாண்டியும் பேசப்படுகிறது, 2021-ல் பா. இரஞ்சித் இயக்கத்தில் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்துக்குப் பிறகு வடசென்னைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் இப்பெயர்கள் அறிமுகமாயின. இவ்வளவு பெரிய ரசிகர் கூட்டம் கையெட்டும் தூரத்தில் இருந்தும் எந்தச் சிகரெட் நிறுவனமும் அந்த வீரர்களை வைத்து அட்டை வரிசை போடவில்லை.

நிறபேதம் இதற்கு ஒரு காரணம் என்பது வெளிப்படை. ஆனால் அது மட்டுமே காரணமென்றால் விடுதலைக்குப் பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. அட்டை வணிகம் முழுப் பாக்கெட் வாங்குபவரை நம்பி நிற்பது. வடசென்னைத் தொழிலாளியோ பீடிக் கட்டு வாங்கினார்; சிகரெட் என்றால் பெட்டிக்கடையில் ஒன்றோ இரண்டோ உதிரியாக வாங்கி, கடைக் கம்பத்தில் கட்டிய கயிற்றின் கங்கில் அங்கேயே பற்றவைத்துக்கொண்டு சங்கு ஊதுவதற்குள் ஆலை வாசலுக்கு நடந்தார். பாக்கெட் கடைக்காரரிடமே தங்கியது. பாக்கெட்டுக்குள் அட்டை இருந்தாலும் அதை எடுப்பவர் கடைக்காரராகத்தான் இருந்திருப்பார். அவருக்குப் படம் கொடுத்து நிறுவனத்துக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நாள் கூலிக்கு உழைப்பவரின் வாங்கும் பழக்கம்தான், நிறவேற்றுமைக்கு அடுத்தபடியாக, விளையாட்டு அட்டையை இந்தத் தெருக்களுக்குள் விடாமல் தடுத்தது என்று கொள்வதே பொருத்தம். போதாக்குறைக்கு, 1940-ல் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் பிரிட்டனில் சிகரெட் அட்டைகள் நின்றன. போர் முடிந்த பின் அவை பழைய செல்வாக்கைப் பெறவே இல்லை.

ஆனால் கடையில் தங்கிய அந்தப் பாக்கெட்டைப் பிள்ளைகள் விடவில்லை. சிகரெட் பாக்கெட் ஷெல் என்னும் வெளிக்கூடும், அதற்குள் வழுக்கி நுழையும் ஸ்லைடு என்னும் உள்தட்டும் கொண்டது. வெளிக்கூட்டின் முன்முகத்தையும் பின்முகத்தையும் ஓரம் பார்த்துக் கிழித்தால் இரண்டு அட்டைகள் கிடைக்கும். தரையில் வட்டம் கீறி, ஆளுக்குச் சில அட்டைகளை நடுவில் அடுக்கி, சற்றுத் தள்ளிப் போட்ட கோட்டிலிருந்து தட்டையான சில்லை வீச வேண்டும். வட்டத்துக்கு வெளியே சிதறிய அட்டைகள் வீசியவனுக்குச் சொந்தம். அடிக்கடி கண்ணில் படும் மலிவுச் சிகரெட்டின் அட்டைக்கு மதிப்பு குறைவு, விலை கூடிய சிகரெட்டின் அட்டைக்கு அதிகம், 'பாரின்' அட்டைக்கு எல்லாவற்றையும்விட அதிகம். துறைமுகமும், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் தொடங்கிய பர்மா பஜாரும் பக்கத்தில் இருந்த பகுதிப் பிள்ளைகளுக்கு அந்த வகையில் ஒரு சாதகம் இருந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர் அரிதான அட்டைக்கு விலை வைப்பதும் இராயபுரத்துச் சிறுவன் அரிதான அட்டைக்கு மதிப்பு வைப்பதும் ஒரே கணக்கு. வில்ஸும் பிளேயர்ஸும் ஆட்டத்தைப் படமாக்கி அட்டையில் போட்டன. இங்கே அட்டையே ஆட்டத்தின் காயாயிற்று.

அந்தப் பாக்கெட்டுகளை அச்சிட்ட ஆலைகளுள் ஒன்று பிள்ளைகளின் வீட்டருகே இருந்தது. தன் சிகரெட்டுகளுக்கான பொதிகளைத் தானே அச்சிட்டுக்கொள்ள 1925-ல் ஐ.டி.சி. தொடங்கிய அச்சு, பொதியல் பிரிவைச் சேர்ந்தது திருவொற்றியூர் ஆலை. கல்லச்சின் இடத்தில் இங்கே ஆஃப்செட்டும், படத்தை உலோக உருளையில் நுண்குழிகளாகப் பொறித்து அக்குழிகளில் நிற்கும் மையைத் தாளில் ஒற்றும் கிராவூர் முறையும் வந்துவிட்டன. சற்று வடக்கே சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் 1923-ல் இந்தியாவில் நிறுவிய விம்கோவின் ஆலை நின்றது. ஆலையின் பெயர் இன்று விம்கோ நகர் என்று ரயில் நிலையத்திலும் மெட்ரோ நிலையத்திலும் வாழ்கிறது. நிறுவனம் 2000-களில் ஐ.டி.சி.யின் கைக்கே போய்ச் சேர்ந்தது. தீப்பெட்டிப் படம் சேர்ப்பதும் பிள்ளைகளின் வழக்கமாக இருந்தது. சிகரெட் முகப்பில் வராத கிரிக்கெட் ஆட்டக்காரனும் கால்பந்து வீரனும் சிவகாசிச் சிறு ஆலைகளின் தீப்பெட்டி லேபிளில் எளிதாக வந்து போனார்கள். அச்சிட்டவர் அவர்களுக்குப் பெயர் போடவில்லை என்பதுதான் வேறுபாடு.

பாக்கெட்டுக்குள் ஆட்டக்காரனை வைக்க முடியாத ஐ.டி.சி., தன் பாக்கெட்டின் பெயரை ஆட்டக்காரன் மேல் வைத்தது. 1977-78-ல் வில்ஸ் கோப்பை தொடங்கியது. 1996-ன் உலகக் கோப்பையே வில்ஸ் பெயரைத் தாங்கியது. நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் 1998-ல் பாட்ரிக் ராஃப்டர் வென்ற போட்டி 'கோல்ட் ஃபிளேக் ஓப்பன்' என்றே அறியப்பட்டது. உதிரி சிகரெட் வாங்குபவரும், சிகரெட்டே தொடாதவரும், பள்ளிப் பிள்ளையும் டீக்கடைத் தொலைக்காட்சியில் ஒரே நேரத்தில் காணும் படம் இது என்பதால், அட்டையால் எட்ட முடியாத கூட்டத்தை இது எட்டியது. 1998 ஏப்ரலில் ஷார்ஜாவில் டெண்டுல்கர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 143, 134 என அடுத்தடுத்துச் சதமடித்தபோது சட்டையில் இருந்த பெயர் வில்ஸ். மட்டையில் ஒட்டியிருந்தது எம்.ஆர்.எஃப்., அதாவது 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கி டயருக்கு வளர்ந்த நிறுவனம். திருவொற்றியூரோடு தொடர்புடைய இரு பெயர்கள் ஒரே ஆட்டக்காரன் மேல் ஏறி உலகம் சுற்றியதை அந்த ஊர் கொண்டாடியதாகத் தெரியவில்லை. அங்கே அவை தினமும் சங்கு ஊதும் ஆலைகளின் பெயர்கள், அவ்வளவே.

புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் மசோதாவை மத்திய அரசு கொண்டுவந்த 2001-ல் ஐ.டி.சி. விளையாட்டு ஆதரவிலிருந்து விலகியது. 2003-ல் நிறைவேறிய சட்டம், விளம்பரத்தையும் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பதையும் தடுத்தது. 2009 மே 31 முதல் பாக்கெட்டின் முகப்பில் எச்சரிக்கைப் படம் கட்டாயமாயிற்று. 2016 ஏப்ரல் முதல் அது இருபுறமும் 85 சதவீத இடத்தை எடுத்துக்கொண்டது. ஆட்டக்காரனின் திடமான உடலைக் காட்டி விற்ற பொருள், அரித்துப்போன தொண்டையையும் வாயையும் காட்டியே விற்கப்பட வேண்டும் என்பது விதி. அட்டைக்கு நேர்ந்த அதே இடையூறு இந்தப் படத்துக்கும் நேர்ந்திருக்கிறது: உதிரியாக வாங்குபவரின் கைக்கு வருவது எழுத்தும் படமும் இல்லாத ஒற்றைச் சிகரெட்தான், எச்சரிக்கை பாக்கெட்டோடு கடைக்காரரின் பலகையிலேயே நின்றுவிடுகிறது. உதிரி விற்பனையை நிறுத்த வேண்டும் என்று புகையிலை எதிர்ப்பாளர்கள் வற்புறுத்துவதற்கு இதுவே முதன்மையான காரணம். பஞ்சாபும் கர்நாடகமும் மகாராஷ்டிரமும் அதற்குத் தடை விதித்திருக்கின்றன.